கோலத்துக்கு இடம் விடாத காடு

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் அஞ்சாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தேன். எழுத்து கோணலாக இருக்கும். சொல்லவந்ததை விட்டுவிட்டு வேறெங்காவது போய்விடுவேன். பெயர்கள் மறந்துபோகும். பேச வராது என்பதால்தான் இத்தனை வருஷம் செடிகளோடு இருந்தேன். தோட்டம் போட்டுக்கொடுக்கிற நம் ஆபீஸ் வேலையை விட்டு நின்ற பிறகு முதலாளியம்மா கூப்பிட்டு, புதிதாகச் சேர்ந்திருக்கிற பிள்ளைகளுக்கு உங்கள் அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் என்று ஒரு நோட்டும் பேனாவும் கொடுத்தார். முப்பது வருஷம் நான் வாயைத் திறக்கவில்லை என்று யாரும் கவலைப்பட்டதில்லை. இப்போது கவலைப்படுகிறார்கள்.

எரு எவ்வளவு, மணல் எவ்வளவு, குழி எத்தனை அடி என்றெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அதெல்லாம் உங்கள் போனிலேயே இருக்கிறது. பேச வேண்டிய நேரத்தில் நான் பேசாமல் இருந்த ஒரு வீட்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

மயிலாப்பூரில் லஸ் பக்கம் ஒரு தனி வீடு. சுற்றிலும் அடுக்குமாடி வந்துவிட்டது, இது மட்டும் வாசலில் மண்ணோடு மிச்சம். வீட்டில் ஒரு பெரியவர். காலேஜில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், எண்பதைத் தாண்டியவர், மனைவி இல்லை. மகன் எந்நேரமும் காதில் கருவியை மாட்டிக்கொண்டு மாடியில் மீட்டிங்கில் இருப்பார். நான் அவர் முகத்தைப் பார்த்தது மூன்று தடவை. மருமகள் வைதேகி அம்மா, பல் டாக்டர். ஒரு பேத்தி. தோட்டம் வேண்டும் என்று கேட்டது வைதேகி அம்மாதான்.

என்ன மாதிரித் தோட்டம் என்று கேட்டால், காடு மாதிரி என்றார். இது உங்களுக்குப் புதிதில்லை. இப்போது வருகிறவர்கள் எல்லோரும் காடு மாதிரி வேண்டும் என்கிறார்கள். கூடவே இலை உதிரக்கூடாது, கொசு வரக்கூடாது, பாம்பு வரவே கூடாது. பட்டாம்பூச்சி வரலாம், புழு வரக்கூடாது. காடு வரலாம், ஆனால் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும்.

பெரியவருக்கு வேண்டியது வேறு. பூஜைக்கு நந்தியாவட்டை நாலு, செம்பருத்தி இரண்டு, வரிசையாக, ஒன்றுக்கொன்று ஒரே தூரத்தில். மீதி இடத்தில் பார்க்கிங் டைல்ஸ் போட்டுவிட்டால் மழைக்காலத்தில் வழுக்காது என்பது அவர் கட்சி. மருமகள் கேட்டதற்காக விட்டுக்கொடுத்தார். ஒரு நிபந்தனை: இந்த வாசலால் தனக்கு ஒரு தலைகுனிவு வந்தால் மறுநாளே டைல்ஸ்.

நம் டிசைனர் தம்பியை உங்களுக்குத் தெரியும், பெயர் வேண்டாம். அவர் கம்ப்யூட்டரில் படம் போட்டுக் கொண்டுவந்தார். படத்தில் செடிக்கு மேல் பட்டாம்பூச்சிகளையும் அவரே போட்டுவிட்டார். அதில் ஒரு குழந்தை ஓடிக்கொண்டிருந்தது. அந்த வீட்டுக் குழந்தை இல்லை, வேறு ஏதோ நாட்டுக் குழந்தை.

முதல் வாரம் எனக்கு வேலை, இருப்பதையெல்லாம் பிடுங்குவது. மதில் ஓரம் தும்பை மண்டிக் கிடந்தது, துத்தி இருந்தது, கீழாநெல்லி இருந்தது. எல்லாம் களை, எடுத்துவிடுங்கள் என்றார் தம்பி. பிடுங்கிக் குப்பை வண்டியில் ஏற்றினேன். அடுத்த வாரம் ஒரு டெம்போ வந்தது. கறுப்புப் பைகளில், ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு குத்தி, நாட்டுச் செடிகள் இறங்கின. பார்த்தால் தும்பை. துத்தியும் இருந்தது. நான் பிடுங்கினதை விட இலை கொஞ்சம் வாடியிருந்தது. தம்பி அதைக் கையில் ஏந்தி, "இதுக்குத்தாம்மா பட்டாம்பூச்சி தேடி வரும்" என்றார். போன வாரம் வந்த பட்டாம்பூச்சி விலாசம் தெரியாமல் திரும்பிப் போனதை நான் பார்த்திருந்தேன். சொல்லவில்லை.

இதற்கெல்லாம் எனக்கு ஆச்சரியம் வருவதில்லை. அடையாற்றங்கரையில் பிறந்து வளர்ந்தவள் நான். ஆற்றோரம் இயற்கையாக இருக்க வேண்டும் என்று சொல்லித்தான் எங்கள் வீடுகளை எடுத்துப் பெரும்பாக்கத்தில் நாலாவது மாடியில் வைத்தார்கள். இயற்கை என்று யாராவது ஆரம்பித்தால் முதலில் இருப்பவர்களைத்தான் கிளப்புவார்கள் என்பது எனக்குப் பழகிவிட்டது.

இப்போது என் தப்புக்கு வருகிறேன்.

கேட்டுக்கு வெளியே, தெருவுக்கும் கேட்டுக்கும் நடுவில், ஆறடிக்கு நாலடி ஒரு துண்டு நிலம். படத்தில் அந்த இடத்திலும் உயரப் புல் இருந்தது. காடு வாசலைத் தாண்டி வந்து நம்மை வரவேற்க வேண்டுமாம். அங்கே கடப்பாரை போட்டேன். இறங்கவில்லை. தினமும் தண்ணீர் தெளித்துத் தெளித்து மண் கல்லாகியிருந்தது. ஒரு கட்டியைப் பெயர்த்துப் பார்த்தால், உள்ளே வெள்ளை வெள்ளையாகப் படிவு. கோலமாவு. ஒரு வருஷத்து மாவு இல்லை, ஒரு ஆயுசு மாவு. அது கோலம் போடுகிற இடம் என்று அந்தக் கட்டியைக் கையில் எடுத்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. தம்பி பத்தடி தள்ளி நின்று போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை சொன்னால் போதும். படித்தவர் போட்ட படம், நான் யார் என்று நினைத்து, கட்டியை உடைத்துப் புல்லை நட்டேன்.

அந்த வீட்டு வாசலைக் கூட்டிக் கோலம் போடுகிறவள் கஸ்தூரி. பக்கத்துக் குடிசைப் பகுதியிலிருந்து வருகிறவள், பதினைந்து வருஷமாக அந்த வீட்டில் வேலை. பெரியவர் மனைவி போன பிறகு கோலம் இவள் பொறுப்பு. ஐப்பசி மழையில் செடியெல்லாம் கிளம்பியது, தெருவோரத் தூங்குமூஞ்சி மரத்துச் சருகும் வந்து விழுந்தது. அவள் தினம் காலையில் துடைப்பத்தை எடுத்துக் காட்டைக் கூட்டினாள். தம்பி வந்து பார்த்துப் பதறிவிட்டார். ஒரு பத்திரிகையிலிருந்து படம் எடுக்க வருகிறார்கள், அதுவரை யாரும் துடைப்பத்தைத் தொடக்கூடாது, சருகு படிய வேண்டும் என்றார்.

கஸ்தூரி என்னைப் பார்த்துக் கேட்டாள். "இன்னாக்கா இது, கூட்டாத கூட்டாதன்னா நான் இன்னாத்துக்கு வரேன்? வாசல்ல குப்ப கெடந்தா தெருவுல இன்னா பேசுவாங்க?"

தம்பி பொறுமையாக, "அது குப்பை இல்லம்மா. அது லேயர்" என்றார்.

"எங்க வூட்டாண்டகூட நெறைய லேயர் கீது. கார்ப்பரேசன்ல வந்து அள்ள மாட்றாங்க" என்றாள் கஸ்தூரி.

சொல்லிவிட்டுத் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டாள். கோலம் போட இடமும் இல்லை, பெருக்க உத்தரவும் இல்லை. அன்றிலிருந்து காலையில் வந்து பாத்திரத்தைத் தேய்த்துவிட்டு, வாசல்படியில் கன்னத்தில் கையை வைத்து உட்கார்ந்திருப்பாள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

இரண்டாவது தப்பும் என்னுடையதுதான். கொடி ஏற்றப் பந்தல் கட்ட வேண்டும் என்று மூங்கில் வந்தது. பெருமழையில் நாற்று அடிபடாமல் மேலே போட பச்சைத் தென்னங்கீற்று வந்தது. வண்டிக்காரர் அவசரப்படுத்தினார். கேட்டுக்கு முன்னாலேயே, தெருவைப் பார்த்து, மூங்கிலைக் கிடத்தி அதன் மேல் கீற்றை அடுக்கிவைத்தேன். மழை பிடித்துக்கொண்டது. கட்டுவது தள்ளிப்போனது.

நீங்கள் இந்த ஊர்க்காரர்களாக இருந்தால் இதற்குள் புரிந்திருக்கும். ஒன்பது நாளாக வாசல் கூட்டவில்லை, தெளிக்கவில்லை. கோலமும் இல்லை. சருகு கிடக்கிறது. வேலைக்காரப் பெண் படியில் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறாள். வாசலில் பச்சை மூங்கில், பச்சைக் கீற்று. உள்ளே எண்பது வயதைத் தாண்டிய பெரியவர், மழை என்பதால் ஒரு வாரமாக வெளியே வரவில்லை.

பத்தாம் நாள் காலை, மார்கழி பிறக்க ஐந்து நாள் இருக்கும்போது, எதிர் அடுக்குமாடியிலிருந்து ஒரு மாமி வந்தார். காலில் செருப்பில்லை. முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, என்னைக் கடந்து, புல்லை விலக்கிக்கொண்டு போய் மணியை அடித்தார். பெரியவரே கதவைத் திறந்தார்.

"வாங்கோ. என்ன, வெறுங்காலோட?"

மாமி ஒரு அடி பின்னால் போனார். "மாமா... நீங்க... ஆத்துல எல்லாரும்..."

"எல்லாரும் சௌக்கியம். நானும் சௌக்கியம். யாரைத் தேடறேள்?"

மாமி, சும்மா வந்தேன் என்றார். திரும்பும்போது, வந்த காரியத்தின் பழக்கத்தில், போயிட்டு வரேன் என்று சொல்லாமலே போனார். பெரியவர் அதைக் கவனித்துவிட்டார். கணக்கு வாத்தியார் அல்லவா. வெறுங்காலையும் சொல்லாமல் போனதையும் கூட்டிப் பார்த்து, வாசலில் கிடந்த மூங்கிலைப் பார்த்தார். உள்ளே போய்த் தன் போனை எடுத்தார்.

அந்தத் தெருக்காரர்களுக்கு ஒரு வாட்ஸப் குழு. அதில் முந்தின நாள் ராத்திரியே யாரோ ஓம் சாந்தி போட்டிருக்கிறார்கள். வரிசையாகக் கைகூப்பின படங்கள். எப்பேர்ப்பட்ட மனுஷர், யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல் போய்விட்டார் என்று ஒருவர் எழுதியிருந்தார். பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எல்லாவற்றையும் படித்தார். பிறகு ஒரு விரலால் மெதுவாகத் தட்டி, "நமஸ்காரம். அடியேன் இருக்கேன். காபி ஆச்சு" என்று போட்டார். அதற்குக் கீழேயும் ஒருவர் ஆழ்ந்த அனுதாபம் தெரிவித்தார்.

இதை எனக்குச் சொன்னது வைதேகி அம்மா. சொல்லும்போது அவருக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றுவிட்டது. மாமனார் சத்தம் போடவில்லையாம். "நான் போனப்புறம் காடு வளர்த்துக்கோம்மா. அதுவரைக்கும் இந்த ஆத்து வாசல்ல கோலம் இருக்கட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டு, டைல்ஸ் கடைக்குப் போன் செய்துவிட்டார். மார்கழி முதல் நாள் வந்து இறங்கும்.

வைதேகி அம்மா தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் நின்று, செடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இந்த ஆத்துக்கு வந்து பன்னண்டு வருஷம். நாள் பூரா அடுத்தவா வாய்க்குள்ளயே பார்த்துண்டிருக்கேன். சாயந்திரம் வந்தா பார்க்கக் கொஞ்சம் பச்சை வேணும்னு கேட்டேன். இந்தாத்துல நான் கேட்டது இது ஒண்ணுதாம்மா."

தம்பிக்குப் போன் செய்தேன். வாடிக்கையாளரின் மனநிலை இன்னும் தயாராகவில்லை என்றார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் பேச ஆள் என்று பார்த்தால் நான்தான் மிச்சம்.

பெரியவர் ஹாலில் உட்கார்ந்திருந்தார். கையில் இருந்த மண்ணைக்கூடக் கழுவாமல் வாசல்படியில் நின்றேன். அன்று பேசியதில் பாதி எனக்கு நினைவில்லை, இவ்வளவுதான் நிற்கிறது.

"சார், தப்பு அம்மா மேல இல்ல. என் மேலதான். கடப்பார போட்டப்பவே எனக்குத் தெரியும், அது கோலம் போட்ற எடம்னு. மண்ணுக்குள்ள அவ்ளோ மாவு கீது. மூங்கில கேட்டாண்ட எறக்கனதும் நான்தான்."

"ஏன் சொல்லலே?"

"யாரும் கேக்கல சார்."

அவர் என் கையில் இருந்த மண்ணைப் பார்த்தார். "அந்த மாவுல பாதிக்கு மேல என் ஆத்துக்காரி போட்டது" என்றார்.

நாலு நாள் கொடுங்கள், வாசலைத் திருப்பித் தருகிறேன், அதற்கப்புறமும் வேண்டாம் என்றால் டைல்ஸுக்கு மண்ணை நானே கெட்டிப்படுத்தித் தருகிறேன் என்று கேட்டேன். சொன்ன டைல்ஸ் சொன்னதுதான், வந்து இறங்கும், அன்று காலை வாசலைப் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றார்.

பிள்ளைகளே, இந்த இடத்தில்தான் உங்களில் பலர் தப்புச் செய்வீர்கள். பயத்தில் எல்லாவற்றையும் வெட்டிவிடுவீர்கள். பார்க்கிறவர் சமாதானம் ஆகட்டும் என்று காட்டுக்குத் தலைமுடி வெட்டி, எண்ணெய் தடவி, வகிடு எடுத்துவிடுவீர்கள். அப்புறம் அது யாருக்குமே இல்லாத தோட்டம். எனக்கும் முதல் நாள் கை அரித்தது. அரிவாளைத் தூரப் போட்டுவிட்டுத் தெருவின் அந்தப் பக்கம் போய், அந்த மாமி நின்று பார்த்திருக்கக்கூடிய இடத்தில் நின்று பார்த்தேன். உள்ளே இருந்த காட்டில் குறையே இல்லை. அது எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது என்றுதான் தெரியவில்லை. ஓரம் நேராக இருந்தால், உள்ளே இருப்பதை யாரோ வேண்டுமென்று வளர்க்கிறார்கள் என்று தெரியும். ஓரம் இல்லாவிட்டால், பார்க்க ஆள் இல்லாத வீடு என்றுதான் தெரியும்.

மூங்கிலையும் கீற்றையும் பின்பக்கம் கொண்டுபோனேன். கோலத்து இடத்தில் நட்ட புல்லை வேரோடு எடுத்து உள்ளே வைத்தேன். அந்த ஆறடிக்கு நாலடியை நனைத்து, திமிசு போட்டு இடித்து, சாணி தெளித்துப் பழையபடி கெட்டியாக்கினேன். கேட்டிலிருந்து படி வரை இரண்டடி அகலத்தில் நடைபாதை, இரண்டு பக்கமும் செங்கலைக் குத்தவைத்த வரம்பு. வரம்புக்கு இந்தப் பக்கம் கஸ்தூரியின் துடைப்பம், அந்தப் பக்கம் சருகு தன் இஷ்டம்.

தம்பி வந்து பார்த்தார். "இயற்கையில நேர்கோடே கிடையாதும்மா" என்றார்.

"இயற்கையில கேட்டும் கெடையாது தம்பி. எதிர்வூட்டு மாமியும் கெடையாது" என்றேன். பேசாதவள் பேசினால் ஒரே நாளில் பழகிவிடுகிறது.

இரண்டாம் நாள் பெரியவர் குடையோடு வெளியே வந்தார். செங்கல் வரம்புக்கு நான் கட்டின கயிறு சரியில்லை என்றார். பழைய பெட்டியிலிருந்து மூலைமட்டம் ஒன்றைத் தேடி எடுத்துவந்து வைத்துப் பார்த்து, ஒரு விரற்கடை விலகியிருக்கிறது என்று நாலு செங்கலைப் பிடுங்கவைத்தார். மூன்றாம் நாளும் வந்து இரண்டு பிடுங்கவைத்தார். டைல்ஸ் போடப்போகிற இடத்துக்கு எதற்கு இவ்வளவு என்று நான் கேட்கவில்லை. பேசக்கூடாத இடமும் ஒன்று உண்டு.

மார்கழி முதல் நாள் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தேன். எனக்கு முன்னால் கஸ்தூரி வந்து கூட்டித் தெளித்து, அந்த இடம் முழுக்க ஒரு புள்ளிக்கோலம் போட்டு முடித்திருந்தாள். கோலத்து நடுவில் சாணி உருண்டை, அதன் மேல் ஒரு பூசணிப்பூ. கை அகலம் மஞ்சள்.

பெரியவர் மப்ளர் கட்டிக்கொண்டு வந்தார். கோலத்தைப் பார்த்தார். வரம்பைப் பார்த்தார். பூவைப் பார்த்து நின்றார்.

"பூ எங்கே வாங்கினே? இப்பல்லாம் கெடைக்கறதே இல்லையே."

"வாங்கல சார். உள்ளதான் கீது" என்றாள் கஸ்தூரி.

கதை இதுதான். அவள் காய்கறிக் கழிவைப் பின்மூலையில் கொட்டுவாள், அதில் ஒரு பூசணி தானாக முளைத்துக் காட்டுக்குள் ஓடியிருந்தது. படத்தில் இல்லாத செடி, எடுத்துவிடுங்கள் என்று தம்பி இரண்டு தடவை சொன்னார். நான் மறந்துவிட்டேன் என்றேன். மறக்கவில்லை.

பெரியவர் காட்டுக்குள் எட்டிப் பார்த்தார். "இன்னும் இருக்கா?"

"நாளைக்கு ரெண்டு மொக்கு கீது சார். மாசம் பூரா வரும்."

"அப்போ மாசம் முடியட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். வைதேகி அம்மா ஜன்னலில் நின்றிருந்தார். திரையை முழுக்க விலக்கிவிட்டார்.

பத்து மணிக்கு டைல்ஸை ஏற்றிக்கொண்டு குட்டி யானை வண்டி வந்தது. பெரியவர் அதைப் பின்பக்கச் சுவரோரம் அடுக்கச் சொன்னார். மாசம் முடிந்தது. தையும் மாசியும் போயின. டைல்ஸ் இடுக்கில் முதலில் பாசி பிடித்தது, பிறகு ஒரு தேரை குடியேறியது, பேத்தி அதற்குப் பெயர் வைத்தாள். யாருக்காவது கொடுத்துவிடலாமா என்று வைதேகி அம்மா கேட்டபோது பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டதாம். அதைக் கலைக்கப்படாது, உள்ளே ஜீவன் இருக்கு என்றாராம். அந்தத் தோட்டத்தில் நாங்கள் யாரும் திட்டம் போடாத இடம் அது ஒன்றுதான். அங்கேதான் எல்லாம் வந்து சேர்ந்தது.

பத்திரிகைக்காரர்கள் வந்து படம் எடுத்தார்கள். கோலத்தைத்தான் பெரிதாகப் போட்டார்கள். தம்பி இப்போது அதற்கு ஏதோ ஒரு கோட்பாடு என்று பெயர் வைத்து, உங்களுக்கு முதல் நாள் வகுப்பில் காட்டுகிறார் என்று கேள்விப்பட்டேன். அந்தப் படத்தின் ஓரத்தில் ஒரு முழங்கை தெரியும், அது என்னுடையது. இப்போது நம் ஆபீசில் போடுகிற எல்லாப் படத்திலும் வாசலில் ஆறடிக்கு நாலடி கட்டம் ஒன்று இருக்கிறதாம். ஆதம்பாக்கத்தில் ஒரு மொட்டை மாடித் தோட்டத்துக்கும், லிஃப்டுக்கு எதிரில், அதே அளவில் விட்டிருக்கிறார்கள். அங்கே யாரும் கோலம் போடுவதில்லை, கட்டம் மட்டும் இருக்கிறது. நான் சொன்னது கட்டத்தை இல்லை, கேளுங்கள் என்பதை. கடப்பாரை பிடிக்கிறவரிடம் கேளுங்கள். துடைப்பம் பிடிக்கிறவரிடம் கேளுங்கள். கடப்பாரை உங்கள் கையில் இருந்தால், கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள்.

எழுதினதில் தப்பு இருக்கும். ஒன்பது நாளா பத்து நாளா, மூங்கில் முதலில் வந்ததா கீற்று வந்ததா, பிடுங்கின செங்கல் நாலா ஆறா என்பதெல்லாம் எனக்கு நிச்சயமில்லை. உங்களில் யாராவது ஒருவர் இந்த நோட்டை எடுத்துக்கொண்டு போய்ப் பெரியவரிடம் படித்துக் காட்டிச் சரிபார்க்க வேண்டும். அவர் கணக்குச் சரியாக இருக்கும். காலையில் போங்கள். கேட்டுக்கு வெளியே கோலம் இருந்தால் தைரியமாக மணியை அடியுங்கள். கோலம் இல்லையென்றால், மூங்கிலும் கீற்றும் நம் ஆபீஸ் வண்டியில் வந்ததா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.